கையை நிறுத்தும் லென்ஸ்

எண்பத்தைந்தா, ஜூமா என்று தயாளன் தன்னையே கேட்டுக்கொண்டு, பதில் சொல்லாமல், மறுபடியும் கேட்டுக்கொண்டான். கல்யாண மண்டபத்தின் பாத்திர அறையில் கவிழ்த்துப் போட்ட அண்டாவின் மேல் உட்கார்ந்திருந்தான். மடியில் ஒரு துண்டு, துண்டின் மேல் இரண்டு லென்ஸ்கள். வெளியே நாதஸ்வரக்காரர் எதையோ சாவகாசமாக இழுத்துக்கொண்டிருந்தார். முகூர்த்தத்துக்கு இன்னும் நேரம் இருக்கிறது என்று அர்த்தம். எண்பத்தைந்து குட்டையாக, குண்டாக இருக்கும் லென்ஸ். ஜூம் ஆகாது. ஆனால் வாய் அகலம். இருட்டிலும் வெளிச்சத்தை அள்ளி உள்ளே விடும், ஷட்டரை வேகமாக வைத்து அடிக்கலாம். கை ஆட்டத்தை அடக்கும் ஸ்டெபிலைசர் மட்டும் அதற்குள் கிடையாது. ஜூமுக்கு வாய் சின்னது. மண்டப வெளிச்சத்தில் அதற்கு மூச்சு வாங்கும், ஷட்டரை நன்றாக மெதுவாக்கினால்தான் படத்தில் ஏதாவது தெரியும். ஆனால் அதற்குள் ஸ்டெபிலைசர் இருக்கிறது. கேமரா பாடியிலேயே ஸ்டெபிலைசர் வைத்த மாடல்களும் வந்துவிட்டன, எந்த லென்ஸைப் போட்டாலும் கை ஆட்டம் தெரியாது. தயாளனுடையது அதற்கு முந்தின மாடல். மிர்ரர்லெஸ்தான், உள்ளே கண்ணாடி இல்லாத புது வகை, ஆனால் பாடிக்குள் ஸ்டெபிலைசர் இல்லை. எதிலும் ஒரு மாடல் முந்தி வாங்கிவிட்டு முழிப்பது அவன் ஜாதகம். கல்யாணம் கூட அப்படித்தான் என்று ஒரு காலத்தில் நண்பர்களிடம் சொல்லிச் சிரித்திருக்கிறான், அரசி காதில் விழும்படி. அரசி, அவன் மனைவி, மங்கையர்க்கரசி, அவளும் சிரித்தாள். ஏன் சிரித்தாள்? கோபம் வந்திருக்க வேண்டாமா? இப்போது அது எதற்கு. எண்பத்தைந்தா, ஜூமா. இன்றைக்குக் கல்யாணம் அரசியின் அண்ணன் மகள் இலக்கியாவுக்கு. மற்ற படங்கள் எப்படியாவது போகட்டும், தாலி கட்டுகிற அந்த ஒரு படம் ஷேக் இல்லாமல் வர வேண்டும். வந்தால் இந்தக் கை இன்னும் தன் கைதான். வராவிட்டால் இதோடு கேமராவைத் தொடுவதில்லை. இந்தச் சபதத்தை அவன் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால், எதற்கு இப்படி ஒரு சபதம் என்று கேட்பார்கள். கேட்டால் கையைக் காட்ட வேண்டும்.

ஷேக். முப்பது வருஷமாக வாயில் புழங்கிய சொல். கை ஆடி, முகத்துக்கு இரண்டு மூக்கும் நான்கு கண்ணும் விழுந்து படம் கெட்டுப்போனால் ஷேக். எத்தனை பேரை அந்த ஒரு சொல்லால் அடித்திருக்கிறான். 'எல்லாம் ஷேக்கு, குப்பையில போடு' என்று எத்தனை பேருடைய படங்களைத் தள்ளியிருக்கிறான். அந்தச் சொல் படங்களுக்கு மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தான். போன வருஷம் ஒருநாள் சும்மா உட்கார்ந்து டிவி பார்க்கும்போது வலது கைக் கட்டைவிரல் தன்பாட்டுக்கு ஆட ஆரம்பித்தது. அவன் அதைப் பார்த்தான். அது இவனைக் கேட்காமல் ஆடியது, யாரோ பீடி சுருட்டுவது மாதிரி. தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டான். அன்றிலிருந்து அப்படித்தான் உட்காருகிறான். டாக்டரிடம் போகவில்லை. போனால் அவர் இதற்கு ஒரு பெயர் வைத்துவிடுவார். பெயர் வைத்துவிட்டால் அப்புறம் அது வீட்டில் ஒரு ஆள் மாதிரி, சாப்பாட்டுக்கு உட்காரும், உறவுக்காரர்கள் வந்தால் அதையும் விசாரிப்பார்கள். வேண்டாம். இப்போதும் துண்டுக்கு மேல் கை ஆடிக்கொண்டுதான் இருந்தது. எண்பத்தைந்தின் மூடி லென்ஸ் விளிம்பில் பட்டுப் பட்டு டக்கு டக்கு என்று ஒரு சத்தம். அந்தச் சத்தம் தன்னிடமிருந்து வருகிறது என்று தெரிந்ததும் மூடியைக் கீழே வைத்தான். யாருக்கும் தெரியாது. அதுதான் முக்கியம். கேமராவைப் பிடித்தால் ஓரளவு அடங்கும், முழங்கையை விலாவில் இறுக்கிக்கொண்டால் இன்னும் அடங்கும், மூச்சை நிறுத்தினால் இன்னும் கொஞ்சம். மிச்சத்தை ஜூம் பார்த்துக்கொள்ளும். யாருக்கும் தெரியாது.

ஜூமை பக்ருதீன் பாய் கடையில்தான் வாங்கினான். இருபது வருஷப் பழக்கம், ஃபிலிம் ரோல் விற்ற காலத்திலிருந்து. பாய் அதைக் கேமராவில் மாட்டிக் கையில் கொடுத்து, 'சும்மா அந்த போர்டைப் பாருங்க' என்றார். தயாளன் கண்ணை வைத்தான். எதிர்க் கடையின் பெயர்ப்பலகை வ்யூஃபைண்டருக்குள் தடதடவென்று ஆடிக்கொண்டிருந்தது. பாதி அழுத்தினான். லென்ஸுக்குள் மெல்ல ஒரு இரைச்சல். போர்டு நின்றுவிட்டது. ஒவ்வொரு எழுத்தும் நின்றது, எழுத்துக்கு மேலே உட்கார்ந்திருந்த காக்கா நின்றது. கை ஆடிக்கொண்டே இருக்கிறது, அவனுக்குத் தெரிகிறது, ஆனால் உலகம் ஆடவில்லை. கடையில் அழுதால் நன்றாக இருக்காது என்று ஐப்பீஸில் கண்ணை அப்படியே வைத்திருந்தான். பழைய கேமராவில் உள்ளே ஒரு கண்ணாடி இருந்தது, ஆடினால் ஆடுகிறாய் என்று மூஞ்சிக்கு நேரே காட்டியது. இது கண்ணாடி இல்லாத கேமரா. நல்லவேளை. எப்படி இது நிற்கிறது என்று கேட்டான், தெரியாதது மாதிரி. உள்ளே ஒரு வில்லை மிதந்துகொண்டிருக்கிறது, நீங்கள் இடது பக்கம் ஆடினால் அது வலது பக்கம் போகும், நீங்கள் கீழே என்றால் அது மேலே, உங்கள் ஆட்டத்துக்கு நேர் எதிராக ஆடி ஆடியே படத்தை நிறுத்துகிறது என்றார் பாய். அதோடு விட்டிருக்கலாம். 'ஆனா தயாளன், இது ஒங்க கையத்தான் நிறுத்தும்' என்று ஆரம்பித்தார். உங்கள் கையை! கடையில் நாலு பேர் இருக்கிறார்கள், கையை என்று பொதுவாகச் சொல்லக்கூடாதா? நம்ம கையை என்று சொல்லக்கூடாதா? பாய் என்னவோ மேற்கொண்டு சொல்லிக்கொண்டிருந்தார். தயாளன் காதில் அந்த ஒரு சொல்தான் குடைந்தது. கவனித்துவிட்டாரா? கார்டை நீட்டும்போது கவனித்திருப்பாரா? இடது கையால்தானே நீட்டினான். 'பேக் பண்ணுங்க பாய்' என்று பேச்சை வெட்டினான். அப்புறம் அந்தக் கடைப்பக்கம் போகவே இல்லை. நல்ல மனிதர். டீ வாங்கிக் கொடுக்காமல் அனுப்பமாட்டார். அன்றைக்கு அந்த டீயைக் கூட வேண்டாம் என்றுவிட்டான். டீ என்றால் க்ளாஸ், க்ளாஸ் என்றால் கை.

அப்பாவுக்கும் கைதான். தமிழாசிரியர், கரும்பலகையில் அவர் எழுதினால் அச்சடித்த மாதிரி இருக்கும் என்பார்கள். கடைசிக் காலத்தில் பேங்கில் கையெழுத்து பொருந்தவில்லை என்று திருப்பித் திருப்பி அனுப்பி, ஒருநாள் அந்தக் கவுண்டர்காரி மை டப்பாவைத் தள்ளி, 'பெரியவரே, ரேகை வச்சிருங்க' என்றாள். யாப்பிலக்கணம் நடத்திய மனிதர் பெருவிரலை மையில் தோய்த்தார். அந்த விரலும் ஆடியது, ரேகையே ஷேக். வீடு வரும்வரை அப்பா அந்த விரலைத் துடைக்கவில்லை. பஸ்ஸில் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து தயாளன் அதைப் பார்த்துக்கொண்டே வந்தான். சொத்து என்று ஒன்றும் விட்டுவைக்கவில்லையே என்று அப்பாமேல் அவனுக்கு ஒரு குறை உண்டு. விட்டுத்தான் போயிருக்கிறார். நாதஸ்வரம் நின்றது. முகூர்த்தம் வந்துவிட்டதா? இல்லை, எச்சில் துடைத்துக்கொள்கிறார், மறுபடி ஆரம்பித்துவிட்டார். எண்பத்தைந்தை எடு, தயாளா. புத்தி அதைத்தான் சொன்னது. ஷட்டரை வேகமாக வைத்துவிட்டால் கை ஆடினால் என்ன, ஆடாவிட்டால் என்ன, ஆட்டம் தெரிவதற்குள் படம் விழுந்துவிடும். இது அவனுக்குத் தெரியாதா. தன் பெயர் தெரிவது மாதிரி தெரியும். ஆனால் அதைக் கண்ணில் வைத்தால் இலக்கியா ஆடுவாள், விளக்கு ஆடும், மணவறையே தூக்கித் தூக்கிப் போடும், அந்த ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டே பட்டனை அழுத்த வேண்டும். படம் நன்றாக வரும். தான் பார்த்தது மறக்காது. ஜூமில் அது இல்லை. ஜூமுக்குள் போய்விட்டால் பழைய தயாளன்.

எல்லாம் அந்த மச்சான் வீட்டுப் பேச்சில் வந்தது. நிச்சயத்துக்கு மறுநாள், அரசியின் அண்ணன், 'போட்டோவுக்கு மெட்ராஸ்லேர்ந்து ஒரு டீம் சொல்றாங்க மாப்ள, நீங்க அன்னைக்கு ஜம்முனு பட்டு வேட்டியில முன்னாடி உக்காருங்க' என்றார். கேட்பதற்கு மரியாதையாகத்தான் இருந்தது. தயாளனுக்குச் சுருக்கென்றது. 'எங் கை இருக்கும்போது வெளியாளு எதுக்கு மச்சான்?' என்று கூடத்தில் எல்லோர் முன்னாலும் கேட்டான். மச்சான் அரசியைப் பார்த்தார். அரசி வெற்றிலைத் தட்டை நகர்த்தி வைத்தாள். 'அவரே எடுக்கட்டும்ணே' என்றாள். அந்த 'எடுக்கட்டும்' அவனுக்குப் பிடிக்கவில்லை. குழந்தைக்கு விட்டுக்கொடுப்பது மாதிரி. வீடியோவுக்கு ஜெரால்டைச் சொல்லிவிடலாம் என்றும் அவளே சொன்னாள். ஜெரால்டு முன்பு அவனிடம் வேலை பார்த்தவன், இப்போது சொந்தமாக ஸ்டுடியோ வைத்திருக்கிறான், இவனைவிடப் பெரிய ஸ்டுடியோ. அரசி இப்போதெல்லாம் இப்படித்தான். வீட்டில் எல்லாவற்றையும் அவளாகவே மாற்றிக்கொண்டிருக்கிறாள். சட்டை எடுக்கப் போனால் டீ-ஷர்ட்டாக எடுத்து வருகிறாள், இந்த வயதில் அவனை வாலிபனாக்கப் பார்க்கிறாள். சாம்பாரைக் கெட்டியாக வைக்கிறாள், ரசம் என்பதே வீட்டில் மறந்துபோய்விட்டது. காபி கேட்டால் அரை டம்ளர். முன்பெல்லாம் நுரை ததும்பக் கொடுத்தவள். இப்போது அரை டம்ளர், வேண்டுமென்றால் மறுபடி அரை டம்ளர். கேட்டதற்கு, 'ஆறிப்போயிடுதுங்க' என்றாள். ஆறுகிறதாம். பாலில் மிச்சம் பிடிக்கிறாள். அவள் அம்மாவும் அப்படித்தான், அந்த வீட்டு ரத்தமே கொஞ்சம் இறுக்கமான ரத்தம்.

நினைத்துக்கொண்டிருக்கும்போதே அவள் வந்து நின்றாள். அரக்குப் பட்டு, தலையில் முழம் முழமாக மல்லிகை. கையில் ஃப்ளாஸ்க்கும் வீட்டு எவர்சில்வர் டம்ளரும். மண்டபத்தில் காபிக்கா பஞ்சம்? இதையும் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாள். கையைத் துண்டுக்கு அடியில் விட்டான். 'இங்கயா இருக்கீங்க? பொண்ண அழைச்சிட்டு வரப் போறாங்க.' 'தெரியும்.' 'காபி?' 'வேணாம்.' அவள் போகவில்லை. மடியில் கிடந்த இரண்டையும் பார்த்தாள். அவன் தொழிலோடு குடித்தனம் செய்து அவளுக்கும் பாதித் தொழில் தெரியும். 'இலக்கியா கண்ணு கூசுதுன்னு ஃபோகஸ் லைட்ட எல்லாம் அணைக்கச் சொல்லிட்டா, ஃப்ளாஷும் அடிக்கக் கூடாதாம். குத்துவெளக்கு வெளிச்சம்தான். அந்தக் குண்டு லென்ஸையே போடுங்களேன்' என்றாள். மெல்லத்தான் சொன்னாள். அவ்வளவுதான், தயாளனுக்குத் தலைக்கு ஏறிவிட்டது. 'எனக்கு நீ சொல்லித் தர்றியா? போய் உன் அண்ணன் பக்கத்துல நில்லு.' அவள் முகம் ஒன்றும் மாறவில்லை. அது மாறாததுதான் அவனுக்கு எரிச்சல். 'சரிங்க' என்று போனாள். அவள் தலை மறைந்ததும் ஜூமை எடுத்தான். அவள் குண்டு லென்ஸ் என்று சொன்னதாலேயே எடுத்தான். மாட்டும்போது லென்ஸின் சிவப்புப் புள்ளியும் கேமராவின் சிவப்புப் புள்ளியும் ஒன்றோடொன்று சேராமல் விளையாடின. ஒரு தடவை, இன்னொரு தடவை, சனியனே என்று ஒரு தடவை. டக். மாட்டிக்கொண்டது. எழுந்தபோது முழங்கால் கூட லேசாக நடுங்கியது. அது பசி. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை.

மணவறையில் கூட்டம். ஓமப் புகை, நெய் வாசனை, பட்டுப்புடவைகளின் சரசரப்பு. தயாளன் முழங்காலிட்டு உட்கார்ந்து, முழங்கையை விலாவில் இறுக்கி, கண்ணை வைத்தான். பின்பக்கம் ஜெரால்டு வீடியோ கேமராவோடு நின்றிருந்தான். உள்ளே இலக்கியா ஆடினாள், மாப்பிள்ளை ஆடினான், வாழைமரம் ஆடியது. பாதி அழுத்தினான். அந்த இரைச்சல். நின்றது. ஐயோ, என்ன சுகம். இலக்கியாவின் நெற்றிச்சுட்டி நின்றது, அதில் இருந்த ஒவ்வொரு கல்லும் நின்றது. தான் ஐம்பத்திரண்டு வயதுக்காரன் என்பதும், அப்பாவின் மைபட்ட விரலும், தொடைக்கு அடியில் வைத்த கையும் எல்லாம் அந்தக் கண்ணாடிக்கு வெளியே நின்றுவிட்டன. வெளிச்சம் போதவில்லை, ஷட்டரை இறக்கினான், இன்னும் இறக்கினான். ஐஎஸ்ஓவை ஏற்றினால் வெளிச்சம் கூடும், ஆனால் முகத்தில் மணல் விழும், அது அவனுக்கு ஆகாது, எனவே ஷட்டரையே மறுபடி இறக்கினான். இறக்க இறக்கப் படம் பொன்னிறமாக வந்தது. பயமே இல்லை. எவ்வளவு மெதுவாக வைத்தாலும் இது தாங்கும். இது என் கையைத் தாங்கும். கெட்டிமேளம் கெட்டிமேளம் என்று ஐயர் கையை உயர்த்தினார். மேளம் இடித்தது. அட்சதை பறந்தது. மாப்பிள்ளை குனிந்து முதல் முடிச்சைப் போட்டான், அவன் அக்கா பின்னாலிருந்து மற்ற இரண்டையும் போட்டாள், இலக்கியா தலை குனிந்து சட்டென்று நிமிர்ந்து அழுதாள். தயாளன் மூச்சை நிறுத்தி, நிதானமாக, ஒவ்வொன்றாக, அழுத்தி அழுத்தி எடுத்தான். ஆடவில்லை. அவனுக்குத் தெரியும், ஒன்றுகூட ஆடவில்லை. கண்ணை எடுத்தபோது கன்னம் நனைந்திருந்தது. வியர்வை என்று சொல்லிக்கொள்ளலாம், ஆனால் அது வியர்வை இல்லை.

ஓரமாக ஒரு நாற்காலியில் வந்து உட்கார்ந்து திரையில் பார்த்தான். மணவறைத் தூண்கள் கத்தி மாதிரி இருந்தன. தூணில் சுற்றிய ஒவ்வொரு இலையின் நரம்பும் தெரிந்தது. குத்துவிளக்கில் பதித்த பேர் கூடப் படிக்க வந்தது. பின்னால், யாரோ நாற்காலியில் விட்டுப்போன சீப்பின் பற்களை எண்ணலாம். நடுவில் இலக்கியா இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மஞ்சள் கரைசல் இருந்தது. மாப்பிள்ளையின் கை இருந்த இடத்தில் புகை. தாலி இல்லை, ஒரு பொன் கோடு, அவ்வளவுதான். அட்சதை அரிசியெல்லாம் நூல் நூலாக இழுபட்டிருந்தது. அடுத்த படம். தூண்கள். அடுத்தது. தூண்கள், விளக்கு, சீப்பு. ஆடாதவை எல்லாம் ஆடாமல் இருந்தன. உயிருள்ளது ஒன்றுகூட மிஞ்சவில்லை. அப்போதுதான் பக்ருதீன் பாய் அன்றைக்குச் சொல்லி முடித்தது, இவன் காதில் விழாமல் உள்ளே போய் எங்கோ தங்கியிருந்தது, தெளிவாகக் கேட்டது. 'இது ஒங்க கையத்தான் நிறுத்தும். எதிர்ல இருக்கறவங்கள நிறுத்தாது. ஆளுங்களுக்கு ஷட்டர்தான்.' தொழிலுக்கு வந்த முதல் வாரத்தில் படித்த பாடம். இவ்வளவு நாளும் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்ததில், எதிரே இருப்பவர்களும் அசைவார்கள் என்பது அவனுக்கு மறந்தே போயிருந்தது. அடுத்தவர்கள் தனக்காக அசையாமல் இருப்பார்கள் என்று எந்த மடையன் நினைப்பான்? நான் நினைத்தேன் என்று தயாளன் நினைத்தான். படத்துக்கு மட்டுமா என்றும் ஒரு நினைப்பு வந்தது. அதை மேலே போகவிடவில்லை.

ஜெரால்டு வந்து பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். திரையைப் பார்த்தவன் சட்டென்று தரையைப் பார்த்தான். 'அண்ணே, கவலைப்படாதீங்க. வீடியோவ ஸ்டாண்டுல ஓடவிட்டுட்டு, நான் சேஃப்டிக்கு ஸ்டில்லும் எடுத்து வச்சிருக்கேன். தாலி கட்டுறது சுத்தமா இருக்கு.' 'உன்னை யாருடா எடுக்கச் சொன்னா?' ஜெரால்டு எழுந்திருக்கப் பார்த்தான். 'யாருடா?' 'அக்காதான். போன மாசமே சொல்லிட்டாங்கண்ணே. ஒங்களுக்குத் தெரியக்கூடாதுன்னு.' போன மாசமே. அப்படியானால் மச்சான் அன்றைக்கு அரசியைப் பார்த்த பார்வை. ஜம்மென்று முன்னால் உட்காருங்கள். டீ-ஷர்ட். பட்டன் இல்லாத டீ-ஷர்ட். கெட்டி சாம்பார், சிந்தாத சாம்பார். ததும்பாத அரை டம்ளர். ஆறிப்போயிடுதுங்க. எல்லாம் ஒவ்வொன்றாக வந்து எதிரே நின்றன, தூண்கள் மாதிரி, துல்லியமாக. இவன் இடப்பக்கம் ஆடினால் அவள் வலப்பக்கம் போயிருக்கிறாள். இவன் கீழே என்றால் அவள் மேலே. சத்தமில்லாமல். எத்தனை நாளாக? நன்றி வரவில்லை. சத்தியமாக வரவில்லை. வந்தது கோபம்தான். எனக்கே தெரியாமல் என்னை முட்டுக்கொடுத்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள், ஊரே சேர்ந்து.

மச்சான், மச்சான் மனைவி, இரண்டு மூன்று சொந்தக்காரர்கள் படம் பார்க்கும் ஆசையில் இந்தப் பக்கம் வந்தார்கள். அரசியும் வந்தாள், ஃப்ளாஸ்க்கோடு. தயாளன் கேமராவை ஆஃப் செய்து தரையில் வைத்தான். 'இப்ப காபி குடு' என்றான். அவள் ஊற்றினாள். அரை டம்ளர். 'ரொப்பு.' 'அப்புறம் இன்னொரு தடவ—' 'ரொப்புன்னு சொன்னேன்.' அவன் குரல் உயர்ந்ததில் மேளக்காரர் கூடத் திரும்பினார். அரசி அவனை ஒரு கணம் பார்த்தாள். பிறகு ஊற்றினாள், நிதானமாக, விளிம்பு வரை, நுரை தலை தூக்கி நிற்கும் வரை. நீட்டினாள். தயாளன் இடது கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, வலது கையால் வாங்கினான். முதலில் கட்டைவிரல்மேல் சுட்டது. அப்புறம் மணிக்கட்டில் வழிந்தது. அப்புறம் வேட்டியில், தொடையில், தரையில் கிடந்த கேமராப் பட்டையில். டம்ளரின் விளிம்பு பல்லில் பட்டு டக்கு டக்கு என்றது. மச்சான் சட்டென்று பந்தி இருந்த திசையில் திரும்பி யாரையோ கூப்பிட்டார். அவர் மனைவி முந்தானையைச் சரிசெய்தாள். ஜெரால்டு லென்ஸ் மூடியைத் தேடினான். அது அவன் கையிலேயே இருந்தது. யாரும் யாருக்கும் சொல்லவில்லை, ஆனாலும் அத்தனை பேரும் ஒரே சமயத்தில் அவனுக்கு எதிர்ப்பக்கம் திரும்பிவிட்டார்கள். அரசி மட்டும் திரும்பவில்லை. காலி டம்ளருக்காகக் கையை நீட்டியபடி அங்கேயே நின்றாள்.

'போதுமா?' என்று கேட்டாள்.